தெருவில் நடப்பவரின் மனநிலையை அளப்பது எப்படி: தி. நகரில் பட்டுத் தெரிந்துகொண்ட வழி

ஒரு தெரு தன்மேல் நடக்கும் மனிதரை என்ன செய்கிறது என்று அளந்து பார்க்கும் ஆசை எனக்கு நகரமைப்பு முதுநிலைப் படிப்பின்போது வந்தது. சென்னை தி. நகரின் கடைத்தெருக்களில் ஒருவரை நடக்க வைத்து, விரலில் ஒட்டும் கருவியால் அவருடைய பரபரப்பை அளந்து, கூடவே மனசு எப்படி இருக்கிறது என்று கேள்வித்தாளில் கேட்பதுதான் என் வழி. நான்கு மாதத்தில் முடிந்துவிடும் என்று நினைத்த வேலை பதினொரு மாதம் இழுத்தது. மே மாதத்தில் எடுத்த முதல் சுற்றுப் பதிவுகள் ஒன்றுகூடத் தேறவில்லை. மறுபடி ஜனவரியில் தொடங்கி, பிப்ரவரி கடைசியில்தான் பயன்படும் தரவு கைக்கு வந்தது.

நான் விழுந்த குழிகளில் பாதி, முன்கூட்டியே யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தாண்டியிருக்கக் கூடியவை. கல்லூரி ஆய்வுக்கோ, குடியிருப்போர் சங்கத்துக்கோ, பூங்கா வேலைக்கு முன்னும் பின்னும் ஒப்பிட்டுப் பார்க்கவோ இதைச் செய்ய நினைக்கிறீர்கள் என்றால், முதலில் இதை முழுக்க வாசித்துவிட்டு, பத்தாம் படியில் உள்ள நாள்கணக்கின் வரிசையிலேயே போங்கள். வரிசை மாறினால் பணமும் நாளும் வீணாகும்.

## 1. கேள்வியை ஒரே வரியில் எழுதுங்கள்

"தி. நகர் மக்களுக்கு எப்படி இருக்கிறது?" என்று தொடங்கினேன். அதை வைத்து எதையும் அளக்க முடியாது. கடைசியில் என் கேள்வி இப்படி ஆனது: ரங்கநாதன் தெருவின் நெரிசலிலிருந்து பாண்டி பஜாரின் அகலமான நடைபாதைக்கு வரும்போது, அதே மனிதரின் மனநிலை மாறுகிறதா, எந்தப் பக்கமாக, எவ்வளவு?

இதில் முக்கியமானது "அதே மனிதர்" என்பதுதான். ஒருவருக்குக் கூட்டம் பிடிக்கும், இன்னொருவருக்கு மூச்சுமுட்டும். இங்கே நாற்பது பேர், அங்கே வேறு நாற்பது பேர் என்று எடுத்தால், தெருவின் வித்தியாசமா ஆளின் வித்தியாசமா என்று பிரிக்கவே முடியாது. ஒரே ஆள் எல்லா இடத்திலும் நடக்கட்டும்.

அடுத்து இடங்கள். நான் நான்கு நிறுத்தங்கள் வைத்தேன்: ரங்கநாதன் தெருவின் நடுப்பகுதி, பனகல் பார்க் சிக்னல், 2019 நவம்பரில் திறக்கப்பட்ட தியாகராய சாலையின் (பாண்டி பஜார்) நடைபாதை வளாகம், நடேசன் பூங்கா. மொத்தம் ஏறக்குறைய இரண்டு கிலோமீட்டர். இதற்கு மேல் வேண்டாம். களைப்பே ஒரு மனநிலையாகிவிடும்.

பாதையை முடிவு செய்யும் முன் மூன்று வெவ்வேறு நாட்கள் நீங்களே நடந்து பாருங்கள். மாம்பலம் ரயில் நிலையத்தையும் பேருந்து நிலையத்தையும் இணைக்கும் ஆகாய நடைபாதை 2023இல் வந்த பிறகு, ரங்கநாதன் தெருவுக்குள் இறங்காமலே மேலே போய்விடுகிறவர்கள் இருக்கிறார்கள். நான் போனபோது பனகல் பார்க் பக்கம் மெட்ரோ வேலைக்கான தடுப்புகள் இருந்தன. போன வாரம் இருந்த தடுப்பு இந்த வாரம் பத்தடி தள்ளி நிற்கும். ஒவ்வொரு வாரமும் களத்துக்குப் போகும் முதல் நாளில் பாதை முழுவதையும் ஆள் முகம் தெரியாமல் படமெடுத்து, தேதி போட்டு வையுங்கள். முடிவுகளை எழுதும்போது அந்தப் படங்கள்தான் உங்களைக் காப்பாற்றும்.

## 2. அனுமதிகளுக்கு முன்கூட்டியே விண்ணப்பியுங்கள்

கருவி வாங்கிவிட்டு அனுமதி கேட்கலாம் என்று நினைக்காதீர்கள். மனிதர்களை வைத்துச் செய்யும் ஆய்வுகளைப் பரிசீலிக்கும் நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வருவதற்கு முன் தரவு எடுத்துவிட்டால், அதற்கான ஒப்புதலைப் பின்னால் வாங்க முடியாது. எடுத்ததை எடுத்தபடி தூக்கி வைக்க வேண்டியதுதான்.

நெறிமுறைக் குழுவுக்கு நான் கொடுத்தவை: ஆய்வுத் திட்டம், தமிழிலும் ஆங்கிலத்திலும் தகவல் தாள், இரண்டு மொழியிலும் ஒப்புதல் படிவம், கேள்வித்தாளின் முழு வடிவம், கருவியின் விவரம், வழிகாட்டியின் கடிதம், என் சுயவிவரம், செலவுத் திட்டம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமம் 2017இல் வெளியிட்ட நெறிமுறைகளின்படி, ஆபத்தின் அளவைப் பார்த்து விலக்கு, விரைவுப் பரிசீலனை, முழுக்குழுப் பரிசீலனை என மூன்றில் ஒன்றுக்கு உங்கள் விண்ணப்பம் போகும். கேள்வித்தாள் மட்டும் என்றால் எளிது. விரலில் மின்முனை ஒட்டுகிறீர்கள் என்றால் கேள்விகள் கூடும். எனக்கு ஏழு வாரம் ஆனது. அதில் மூன்று வாரம் என் தவறால் போனது: தமிழ்த் தகவல் தாள் ஆங்கிலத்தைவிடக் கடினமாக இருக்கிறது என்று திருப்பி அனுப்பினார்கள். அவர்கள் சொன்னது முழுக்கச் சரி. எட்டாம் வகுப்பு படித்தவர் ஒருவர் வாசித்து, திரும்பித் தன் வாயால் சொல்லும்படி இருக்க வேண்டும்.

படிவத்தில் விட்டுவிடக் கூடாதவை சில. எழுதப் படிக்கத் தெரியாதவர் கலந்துகொண்டால், கைநாட்டோடு, ஆய்வைச் சேராத ஒரு சாட்சியின் கையெழுத்தும் வேண்டும். 18 வயதுக்குக் கீழ் என்றால் பெற்றோரின் ஒப்புதல் கட்டாயம். ஏழு வயதுக்கு மேற்பட்ட பிள்ளையின் சம்மதமும் தனியே வேண்டும். முதல் ஆய்வு என்றால் பெரியவர்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள். எப்போது வேண்டுமானாலும் விலகலாம், விலகினால் தரவு அழிக்கப்படும் என்பதைத் தெளிவாக எழுதுங்கள். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் சொன்ன நோக்கத்துக்கு மட்டுமே தரவு, கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறும் உரிமை என்றுதான் பேசுகிறது.

இடத்துக்கான அனுமதி தனி. பொதுத் தெருவில் நடப்பதற்கு யாரும் தடை சொல்ல மாட்டார்கள். ஆனால் விரலில் வயர், இடுப்பில் பெட்டி, பின்னால் ஒருவர் குறிப்பெடுத்துக்கொண்டு வருவது என்று போனால் கேள்வி வரும், வர வேண்டியதும்தான். முதல் சுற்றில் ஒரு கடையின் காவலாளி எங்களை நிறுத்தி, அரைமணி நேரம் விளக்கம் சொல்ல வைத்தார். அன்றைய பதிவு போயிற்று. அதன்பின் பகுதிக் காவல் நிலையத்துக்குத் துறைத்தலைவர் கையெழுத்திட்ட தகவல் கடிதம் கொடுத்து, நகலில் பெற்றுக்கொண்டதற்கான முத்திரை வாங்கிவைத்தேன். பூங்காவுக்கு மாநகராட்சியின் மண்டல அலுவலகத்தில் கடிதம் கொடுக்க வேண்டும். நான் போனபோது தி. நகர் 10ஆவது மண்டலமான கோடம்பாக்கத்தில் வந்தது. ரயில் நிலைய வளாகத்துக்குள் எதையும் அளக்க வேண்டாம். அது ரயில்வே இடம், அனுமதி வேறு. வாசலுக்கு வெளியே தொடங்குங்கள்.

களத்தில் எப்போதும் கையில் இருக்க வேண்டியவை: ஒப்புதல் கடித நகல், முத்திரை விழுந்த நகல்கள், போனஃபைட் சான்றிதழ், கல்லூரி அடையாள அட்டை. எல்லாவற்றையும் ஒரே பிளாஸ்டிக் உறையில் போட்டு உதவியாளரிடமும் ஒரு செட் கொடுங்கள்.

## 3. கருவி: எதை அளக்கும், எதை அளக்காது

இதைப் புரிந்துகொள்ளாமல் பணத்தை எடுக்காதீர்கள். மனம் பரபரக்கும்போது உள்ளங்கையிலும் விரலிலும் நமக்கே தெரியாத அளவில் வியர்வை ஊறும். தோலின் மின்கடத்தல் கொஞ்சம் ஏறும். அதை மைக்ரோசீமென்ஸ் கணக்கில் அளப்பதுதான் தோல் மின்கடத்தல் கருவி. அது எவ்வளவு பரபரப்பு என்று சொல்லும். நல்ல பரபரப்பா கெட்ட பரபரப்பா என்று சொல்லாது. பைக் உரசிக்கொண்டு போனாலும் ஏறும். பல வருடம் பார்க்காத தோழியைக் கூட்டத்தில் கண்டாலும் அதே மாதிரி ஏறும். என் பதிவில் மிகப் பெரிய ஏற்றம் ஒன்று இருந்தது. என்ன ஆயிற்று என்று அந்தப் பெண்ணிடம் கேட்டேன். மகனுக்கு வேலை கிடைத்த செய்தி அந்த நேரத்தில் போனில் வந்ததாம்.

ஆகவே கருவி மட்டும் போதாது. கேள்வி மட்டும் வைத்தும் ஆய்வு செய்யலாம், கேள்வியும் கருவியும் வைத்தும் செய்யலாம். கருவி மட்டும் வைத்து ஒருபோதும் செய்யாதீர்கள். கையில் பத்தாயிரம் ரூபாய்தான் இருக்கிறது என்றால் கருவியை விட்டுவிட்டு, கேள்வியை நன்றாகச் செய்யுங்கள். அது முழுமையான ஆய்வுதான்.

கருவி வேண்டும் என்றால் இரண்டு வழி. ஆய்வுத்தரக் கைப்பட்டைகள் ஒரு லட்சத்தைத் தாண்டும். வேறு துறையில் இருந்தால் கடன் கேளுங்கள். இன்னொரு வழி, ஆர்டுயினோ வகைச் சிறிய மின்னணுப் பலகையோடு இணையும் சென்சார். நான் இந்த வழியில் போனேன். அதில் நான்கு எச்சரிக்கைகள்:

மின்முனைகளை அதிகம் பயன்படுத்தாத கையின் ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் ஒட்டுங்கள். மணிக்கட்டைவிட அங்கே பதிவு தெளிவு. கையை வெறும் தண்ணீரில் கழுவச் சொல்லுங்கள், சோப்பும் சானிடைசரும் வேண்டாம்.

மருந்துக்கடையில் கிடைக்கும் ஈசிஜி ஸ்டிக்கர்களை வாங்கி ஒட்டாதீர்கள். அவற்றின் ஜெல்லில் உப்பு அதிகம், அளவைத் தூக்கிக் காட்டும். தோல் மின்கடத்தலுக்கென்றே உப்புக் குறைந்த ஜெல் இருக்கிறது, அதைக் கேட்டு வாங்குங்கள்.

கருவி உடலில் இருக்கும்போது பேட்டரியில் மட்டுமே ஓட வேண்டும். சார்ஜரிலோ, சுவர் மின்சாரத்தில் செருகிய மடிக்கணினியிலோ இணைக்கவே கூடாது. இதயத்துடிப்பைச் சீராக்கும் பேஸ்மேக்கர் பொருத்தியவர்களைச் சேர்க்காதீர்கள்.

பதிவைப் போனுக்கு மட்டும் அனுப்பாமல் மெமரி கார்டிலும் எழுதுங்கள். போன் பேட்டரியை மிச்சப்படுத்துகிறேன் என்று பின்னணியில் ஓடும் செயலியை நிறுத்திவிடும். எனக்கு மூன்று நடைகள் இப்படிப் பாதியில் நின்றன. அமைப்புகளுக்குள் போய் அந்தச் செயலிக்கு மட்டும் பேட்டரிக் கட்டுப்பாட்டை நீக்குங்கள்.

இவற்றோடு வெப்பநிலையும் ஈரப்பதமும் காட்டும் சிறு மானி ஒன்று கட்டாயம். ஏன் என்று ஐந்தாம் படியில் சொல்கிறேன்.

## 4. சொற்கள்: எல்லாரும் அவசரமாகத் தாண்டும் இடம்

எனக்கு மிகவும் பிடித்த பகுதி, நான் மிகவும் சறுக்கிய பகுதியும் இதுதான்.

உணர்வை அளக்கும் அளவுகோல்கள் ஆங்கிலத்தில் தயாராக இருக்கின்றன. மனித உருவப் படங்களைக் காட்டி, இனிமை, பரபரப்பு, தன் கட்டுப்பாடு என மூன்றை ஒன்று முதல் ஒன்பது வரை குறிக்கச் சொல்லும் படமுறை பல ஆண்டுகளாக உலகெங்கும் புழக்கத்தில் இருக்கிறது. பத்து நல்ல உணர்வு, பத்து கெட்ட உணர்வு என இருபது சொற்கள் கொண்ட பட்டியல் 1988இல் வந்தது. இரண்டையும் எடுத்து அப்படியே தமிழில் பெயர்த்தேன். முதல் நாளிலேயே தடுமாற்றம்.

பரபரப்பைக் குறிக்கும் கலைச்சொல்லுக்கு அகராதியைப் பார்த்து "கிளர்ச்சி" என்று போட்டிருந்தேன். ஒரு பெரியவர் "கிளர்ச்சியா? நான் எந்தப் போராட்டத்துக்கும் போகலையேப்பா" என்றார். ஓர் இளம்பெண் அந்தச் சொல்லைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். அவருக்கு அது வேறு மாதிரிப் பொருள்பட்டது. அந்தச் சங்கடத்தை அவருக்கு நான் கொடுத்திருக்கவே கூடாது. படமுறையில் பரபரப்பைக் காட்ட உருவத்தின் மார்பில் ஒரு வெடிப்பு வரைந்திருக்கும். பூ விற்கும் அக்கா ஒருவர் அதைப் பார்த்து "நெஞ்சு எரிச்சல் எனக்கு இல்லம்மா" என்று மிகக் குறைந்த எண்ணான ஒன்றைக் குறித்தார். பதிவில் அவர் மிக அமைதியானவராகத் தெரிகிறார். உண்மையில் அவர் அன்று போக்குவரத்துச் சத்தத்தில் தவித்துக்கொண்டிருந்தார்.

இதைத் தவிர்க்க நான் பிறகு செய்தது: முதலில் பதினைந்து பேரை அதே தெருவில் நிறுத்தி, எந்தப் பட்டியலும் காட்டாமல் "இங்க நிக்கும்போது மனசுக்கு எப்படி இருக்கு?" என்று மட்டும் கேட்டேன். அவர்கள் வாயிலிருந்து வந்த சொற்களை அப்படியே எழுதினேன். நிம்மதி, எரிச்சல், படபடப்பு, உற்சாகம், சலிப்பு, பயம், கசகசப்பு, "மனசு லேசா இருக்கு", "எப்படா வெளிய போவோம்னு இருக்கு". இதிலிருந்து எட்டுச் சொற்களை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் "கொஞ்சமும் இல்லை" முதல் "ரொம்ப" வரை ஐந்து படி வைத்தேன். ஒன்பது படி தமிழில் பேசும்போது இயல்பாக வரவில்லை.

பரபரப்புக்கு ஒரே சொல்லைத் தேடாதீர்கள். "உற்சாகம்", "படபடப்பு" என்று இரண்டு கேள்வியாகக் கேளுங்கள். நல்லதும் கெட்டதும் தானாகப் பிரிந்துவிடும். "கசகசப்பு" என்பதை விடாமல் வையுங்கள். வெயிலின் பங்கு எவ்வளவு, கூட்டத்தின் பங்கு எவ்வளவு என்று பேசும்போது அது கைகொடுக்கும்.

உலக அளவுகோலோடு ஒப்பிட்டே தீர வேண்டும் என்று வழிகாட்டி கேட்டால், ஒருவர் தமிழாக்க, ஆங்கில மூலத்தைப் பார்க்காத இன்னொருவர் அதை மீண்டும் ஆங்கிலமாக்க, இரண்டையும் பக்கத்தில் வைத்துத் திருத்துங்கள். அதோடு நிற்காமல் ஐந்து பேரிடம் "இந்தச் சொல்லை வாசிக்கும்போது உங்களுக்கு என்ன தோணுது?" என்று கேட்டுப் பாருங்கள். என் "கிளர்ச்சி" இந்த ஒரு கேள்வியிலேயே விழுந்திருக்கும்.

இன்னொரு பொறி: மரியாதை. நம் ஊரில் கேட்கிறவர் மனம் நோகக்கூடாது என்று "ஒண்ணும் இல்லம்மா, நல்லாத்தான் இருக்கு" என்பார்கள். அதைப் பதிலாக எடுத்துக்கொள்ளாதீர்கள், பொய்யாகவும் எடுத்துக்கொள்ளாதீர்கள். கேள்வியை மாற்றுங்கள்: "உங்க வீட்டுப் பெரியவங்களை இங்க தனியா நடக்க விடுவீங்களா?" "இங்க பத்து நிமிஷம் சும்மா உட்காருவீங்களா?" இந்த இரண்டுக்கும் வந்த பதில்கள், நேரடிக் கேள்விக்கு வந்ததைவிடத் திறந்த மனதோடு இருந்தன. இன்னும் ஒன்று, பதிலைக் குறிக்கும்போது நீங்கள் திரையைப் பார்க்காதீர்கள். போனை அவர் கையில் கொடுத்துவிட்டு இரண்டடி தள்ளி நில்லுங்கள்.

கேள்வித்தாளுக்குக் கோபோ டூல்பாக்ஸ் என்ற செயலியை எடுங்கள். இலவசம், தமிழில் வரும், நெட் இல்லாமலும் ஓடும், பதிலோடு நேரத்தையும் இடத்தையும் சேர்த்துப் பதியும். ஒரு நிறுத்தத்துக்குப் பத்துக் கேள்விக்கு மேல் வேண்டாம்.

## 5. மாதமும் நேரமும்

மே மாதத்தில் போனேன் என்று சொன்னேன் அல்லவா? அந்த வெயிலில் விரல் முழுக்க வியர்வை. கருவி காட்டியது மனநிலையை அல்ல, வெயிலை. வரைபடத்தில் நிழலே இல்லாத இடமெல்லாம் "அழுத்தம்" என்று சிவந்து கிடந்தது. எனக்கு அது பெரிய கண்டுபிடிப்பாகத் தெரிந்தது. வழிகாட்டிதான் வெப்பநிலையைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொன்னார்.

சென்னைக்கு நல்ல காலம் ஜனவரி நடுவிலிருந்து பிப்ரவரி கடைசி வரை. வடகிழக்கு மழை ஓய்ந்திருக்கும், வெயில் ஏறியிருக்காது. ஆனால் பொங்கல் வாரத்தையும் அதற்கு முந்தைய பத்து நாளையும் தி. நகரில் விட்டுவிடுங்கள். அது சாதாரண நாளின் கூட்டம் இல்லை. தீபாவளிக்கு முந்தைய மாதமும் அப்படியே.

நேரத்துக்கு ஒரு சிக்கல் உண்டு. காலை ஏழு மணி குளிர்ச்சி, ஆனால் கடைகள் திறக்காத ரங்கநாதன் தெருவை அளந்து என்ன பயன்? மாலை ஏழுக்குக் கூட்டம் இருக்கும், இருட்டிவிடும். இருட்டு தனி மாற்றம், அதுவும் பெண்களுக்கு. நான் வார நாட்களில் மாலை 4 முதல் 6 மணிக்குள் எல்லா நடையையும் முடித்தேன். நீங்கள் எந்த நேரத்தை எடுத்தாலும் எல்லாருக்கும் ஒரே நேரமாக இருக்கட்டும். ஒவ்வொரு நிறுத்தத்திலும் வெப்பநிலை, ஈரப்பதம் இரண்டையும் குறியுங்கள். ஒலி அளவும் எடுத்தால் நல்லது. வணிகப் பகுதிக்குப் பகலில் சட்டப்படியான வரம்பு 65 டெசிபெல். போன் செயலி துல்லியமாக இருக்காது, ஆனால் எல்லா இடத்திலும் ஒரே போனை வைத்து எடுத்தால் எது அதிகம் எது குறைவு என்று ஒப்பிடப் போதும்.

## 6. எத்தனை பேர், யார் யார்

ஒரே ஆளை இரண்டு இடத்தில் ஒப்பிடும்போது, நடுத்தர அளவு வித்தியாசத்தை 80 சதவீத வாய்ப்போடு கண்டுபிடிக்க 34 பேர் வேண்டும். ஜிபவர் என்ற இலவச மென்பொருளில் போட்டால் இந்த எண் வரும். வெவ்வேறு ஆட்களை எடுத்தால் ஒரு பக்கத்துக்கு 64 பேர் ஆகிவிடும். பதிவு கெட்டுப்போவதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நான் 40 பேரை அழைத்தேன், 5 பேருடைய பதிவு வீணாகி 35 நின்றது.

தயவுசெய்து உங்கள் வகுப்புத் தோழர்களை மட்டும் அழைத்து முடித்துவிடாதீர்கள். கட்டடக்கலை படிப்பவர் நடைபாதையைப் பார்க்கும் பார்வையே வேறு. பெண்கள் பாதிப் பேராவது இருக்கட்டும். அறுபது தாண்டியவர்கள், பையும் குழந்தையுமாக வருகிறவர்கள், அங்கேயே வேலை செய்கிறவர்கள் வேண்டும். சக்கர நாற்காலியில் வரும் ஒருவரோடு நான் போனேன். பனகல் பார்க் சிக்னலைக் கடக்க அவர் காத்திருந்த நேரத்தையும் அப்போது அவர் முகத்தையும் எந்தக் கருவியும் பதியவில்லை. அந்த நடைக்குத் தனியாகக் குறிப்பு எழுதினேன். ஆய்வில் மிகவும் வாசிக்கப்பட்ட பக்கம் அதுதான்.

பெண் பங்கேற்பாளர்களுக்கு மின்முனை ஒட்டவும் கூட நடக்கவும் பெண் உதவியாளர் வேண்டும். இதை விருப்பமாக வைக்காமல் விதியாகவே வையுங்கள்.

## 7. ஒத்திகையும் களநாளும்

முதலில் மூன்று பேரை வைத்து முழு ஒத்திகை. அன்றே வீட்டுக்கு வந்து பதிவைத் திறந்து பாருங்கள். ஒரு வாரம் கழித்துப் பார்க்கலாம் என்று விட்டால், ஒரு வாரப் பதிவும் அதே பிழையோடு இருக்கும்.

களநாளில் ஒரு நடைக்கு நான் வைத்த ஒழுங்கு இது. வந்தவருக்குத் தண்ணீர் கொடுத்து நிழலில் பத்து நிமிடம் உட்கார வைத்தோம். டீ, காபி, சிகரெட் கடைசி ஒரு மணி நேரத்தில் வேண்டாம் என்று முந்தைய நாளே போனில் சொல்லியிருப்போம். தகவல் தாளை வாசித்து, ஒப்புதல் வாங்கி, மின்முனை ஒட்டி, ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்த பதிவு, அப்புறம் கூட்டமில்லாத தெருவில் இரண்டு நிமிடம் நடந்த பதிவு. இந்த இரண்டாவதை விட்டுவிடாதீர்கள். நடந்தாலே அளவு ஏறும். உட்கார்ந்ததோடு மட்டும் ஒப்பிட்டால் எல்லாத் தெருவும் பதற்றமாகத் தெரியும்.

நடக்கும்போது பேச்சு இல்லை, உதவியாளர் பத்தடி பின்னால். பேசினால் அளவு ஏறும், சிரித்தாலும் ஏறும். ஒவ்வொரு நிறுத்தத்திலும் இரண்டு நிமிடம் நின்று சுற்றிலும் பார்க்க வேண்டும், பிறகு கேள்விகள். யாராவது இடித்தது, ஹாரன், போன் அழைப்பு, தெரிந்தவர் எதிர்ப்பட்டது எல்லாவற்றையும் உதவியாளர் நேரத்தோடு குறிக்க வேண்டும்.

பாதிப் பேர் ரங்கநாதன் தெருவிலிருந்தும், மீதிப் பேர் நடேசன் பூங்காவிலிருந்தும் தொடங்கட்டும். எல்லாரும் ஒரே திசையில் போனால், பூங்காவில் வந்த நிம்மதி மரத்தால் வந்ததா, "அப்பாடா முடிஞ்சது" என்பதால் வந்ததா என்று தெரியாது.

ஒரு நடைக்கு ஐம்பது நிமிடம், தயாரிப்பு இருபது நிமிடம். ஒருவர் நடக்கும்போதே அடுத்தவரைத் தயார் செய்துவிட்டால், இரண்டு செட் கருவியில் ஒரு மாலைக்கு நான்கு பேர்தான் முடியும். 40 பேருக்குப் பத்து மாலை. அதற்கு மேல் ஆசைப்பட்டு அவசரப்பட்டால் ஒப்புதல் படிவம்தான் அரைகுறையாகும்.

## 8. கடிகாரத்தை ஒன்றாக்குங்கள்

என் முதல் சுற்றில் மிச்சமிருந்த நம்பிக்கையும் இங்கேதான் போனது. கருவி உலகப் பொது நேரத்தில் பதிந்திருந்தது, போன் இந்திய நேரத்தில். இடையில் ஐந்தரை மணி நேரம். அதைக் கண்டுபிடித்துச் சரிசெய்த பிறகும் கருவியின் கடிகாரம் நாற்பது வினாடி பின்தங்கியிருந்தது, அதுவும் நாளுக்கு நாள் வேறு அளவில். நாற்பது வினாடியில் ஒருவர் நாற்பது மீட்டருக்கு மேல் நடந்துவிடுவார்.

தீர்வு எளிது. ஒவ்வொரு நடையின் தொடக்கத்திலும் முடிவிலும், போனில் நேரம் தெரியும்படி வீடியோ எடுத்துக்கொண்டே கருவியின் பொத்தானை மூன்று முறை அழுத்துங்கள். பொத்தான் இல்லாவிட்டால் கருவியை மூன்று முறை தட்டலாம், பதிவில் மூன்று முள் தெரியும்.

இன்னொன்று, தோலின் எதிர்வினை நிகழ்வுக்குப் பிறகு ஒன்று முதல் மூன்று வினாடி கழித்தே எழும். சாதாரண நடையில் அது ஒன்று முதல் நான்கு மீட்டர். திறந்த வெளியில் போன் ஜிபிஎஸ் ஏறக்குறைய ஐந்து மீட்டர் துல்லியம் தரும். உயரமான கடைகளுக்கு நடுவே அது பக்கத்துத் தெருவுக்கே தாவும். என் பங்கேற்பாளர் ஒருவர் கட்டடங்களின் மேல் நடந்தது போலக் கோடு வந்தது. எனவே ஜிபிஎஸ்ஸை நம்பி "இந்தக் கடை வாசலில் பதற்றம்" என்று எழுதாதீர்கள். உதவியாளர் ஒவ்வொரு தெருமுனையிலும் கையால் நேரம் குறிக்கட்டும். தெருத்துண்டு வாரியாகப் பேசுங்கள், புள்ளி வாரியாக வேண்டாம்.

## 9. கணக்கு

பதிவைச் சுத்தம் செய்ய பைத்தானில் நியூரோகிட்2 இருக்கிறது, இலவசம். மெல்ல ஏறி இறங்கும் அடிநிலையையும் சட்டென்று எழும் ஏற்றங்களையும் அது பிரித்துத் தரும். நான் 0.05 மைக்ரோசீமென்ஸுக்கு மேல் எழுந்த ஏற்றங்களை நிமிடத்துக்கு எத்தனை என்று எண்ணினேன். மின்முனை நழுவியதால் வரும் செங்குத்தான வெட்டுகளைக் கண்ணால் பார்த்து நீக்குங்கள். ஆளுக்கு ஆள் அடிநிலை பல மடங்கு வேறுபடும். ஒவ்வொருவரையும் அவருடைய சொந்தச் சராசரியோடுதான் ஒப்பிட வேண்டும்.

பெரிய பொறி: ஒரு வினாடிக்கு நான்கு பதிவு என்றால் ஒரு நடைக்குப் பன்னிரண்டாயிரம் எண்கள். 35 பேருக்கு நான்கு லட்சம். "நான்கு லட்சம் தரவுப் புள்ளிகள்" என்று பெருமையாக எழுதிவிடத் தோன்றும். உங்களிடம் இருப்பது 35 மனிதர்கள். ஒருவரிடமிருந்து பல பதிவுகள் வருவதைக் கணக்கில் எடுக்கும் கலப்பு மாதிரியை, ஆர் மென்பொருளில், புள்ளியியல் தெரிந்த ஒருவரோடு உட்கார்ந்து போடுங்கள். வெப்பநிலையையும் திசையையும் அதில் சேருங்கள்.

வரைபடத்துக்கு கியூஜிஐஎஸ் போதும். சிவப்பு பச்சை வேண்டாம். சிவந்த இடம் கெட்ட இடம் என்று பார்த்தவுடனே முடிவுகட்டிவிடுவார்கள். பரபரப்பை ஒரே நிறத்தின் அடர்த்தியாகவும், மக்கள் சொன்ன சொல்லை அதன்மேல் எழுத்தாகவும் போட்டேன். அடர்ந்த நிறத்தின் மேல் ஓரிடத்தில் "படபடப்பு", இன்னோரிடத்தில் "உற்சாகம்" என்று இருந்தது. பாண்டி பஜார் நடைபாதையில் இரண்டும் சில அடி இடைவெளியில் வந்தன. வண்டி குறுக்கிடும் வாயில்களில் படபடப்பு, இருக்கைகளுக்குப் பக்கத்தில் உற்சாகம்.

## 10. செலவும் நாளும்

எனக்கு இரண்டாம் சுற்றுக்கு ஆனது: இரண்டு சென்சார் 2,800 ரூபாய், பலகை, மெமரி கார்டு, பேட்டரி சேர்த்து 2,400, மின்முனையும் ஜெல்லும் 1,100, வெப்பமானி 900, அச்சு 900, பங்கேற்பாளருக்குப் போக்குவரத்துக்கும் ஜூஸுக்கும் ஆளுக்கு 150 வீதம் 6,000, உதவியாளர்களின் சாப்பாடும் பஸ்ஸும் பத்து நாளுக்கு 2,400. மொத்தம் 16,500 ரூபாய். கருவி இல்லாமல் கேள்வி மட்டும் என்றால் ஏறக்குறைய பத்தாயிரம்தான். பங்கேற்பாளர் பணத்தில் கைவைக்காதீர்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் நமக்காக நடக்கிறார்கள், வியாபாரத்தை விட்டுவிட்டு வருகிறவர்களும் உண்டு.

நாள்கணக்கு: செப்டம்பரில் கேள்வியும் சொற்களும், அக்டோபர் தொடக்கத்தில் நெறிமுறைக் குழு விண்ணப்பம், டிசம்பரில் கருவி, கடிதங்கள், ஆள் திரட்டல், பொங்கல் முடிந்ததும் ஒத்திகை, பிப்ரவரியில் களம். சொல் திரட்ட அந்தப் பதினைந்து பேரிடம் பேசுவதற்கும் ஒப்புதல் வேண்டுமா என்று உங்கள் குழுவிடம் செப்டம்பரிலேயே எழுதிக் கேட்டுவிடுங்கள்.

களம் முடிந்த வாரமே பெயர், போன் எண் உள்ள தாளையும் தரவையும் பிரித்து வேறு வேறு இடத்தில் பூட்டுங்கள். முடிவு வந்ததும் ஒரு பக்கத்தில் எளிய தமிழில் எழுதி, நடந்த ஒவ்வொருவருக்கும் அனுப்புங்கள். நான் நேரில் கொடுக்கப் போனபோது பூக்கார அக்கா தாளை வாங்கி, வரைபடத்தில் தன் கடை இருக்கும் முனையைத் தேடிப் பிடித்து, அங்கே எழுதியிருந்த "எப்படா வெளிய போவோம்னு இருக்கு" என்பதை வாய்விட்டு வாசித்தார். "இது நான் சொன்னது" என்று பக்கத்துக் கடைக்காரரிடம் காட்டினார்.